உப்பளம், இரண்டாம் பகுதி

செல்வின் மைக்கைப் பிடித்துவிட்டால் லேசில் விடமாட்டான். டிரம்பெட் ஊதி முடித்த வாயில் இவ்வளவு பேச்சு எப்படி மிச்சமிருக்கிறது என்று இத்தனை வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை. பேசட்டும், அவன் பேசுகிற வரைக்கும் என் உதட்டுக்கு ஓய்வு. நாக்கு நுனியால் முன்பல்லை ஒருமுறை தடவிப் பார்க்கிறேன். இருக்கிறது. இருக்காமல் எங்கே போகும், சிமெண்ட் வைத்து ஒட்டிய பல். "நாங்க மெட்ராஸ்ல இருந்து வர்றோம், அஞ்சு பேர், அஞ்சும் பித்தளை" என்கிறான். "ரெண்டு டிரம்பெட், நானும் தம்பி இத்ரீஸும். அந்தப் பெரிய டியூபாவுக்குப் பின்னால ஒருத்தர் இருக்கார், பேரு மரியதாஸ், நம்புங்க, இருக்கார். டிராம்போன் நம்ம கஜேந்திரன் அண்ணன், போலீஸ் பேண்டுல இருந்து ரிடையர் ஆனவர், அதனால யாரும் நடுவுல எழுந்து போயிடாதீங்க. அப்புறம் பியூலா. அவங்க கையில இருக்கறது பிரெஞ்சு ஹார்ன். லாரியில மாட்டற ஹார்ன் இல்லீங்க." சிரிப்பு. திருச்சியிலும் இதே இடத்தில் சிரித்தார்கள், மதுரையிலும். புதிதாய்க் கேட்பது போல நானும் சிரித்து வைக்கிறேன், சிரித்தால் உதடு தளரும், நல்லதுதான். ஹாலில் ஃபேன்கள் ஆளுக்கொரு வேகத்தில் சுற்றுகின்றன. முதல் வரிசையில் காலேஜ் முதல்வரும் இரண்டு பாதிரியார்களும், அதற்குப் பின்னால் பேராசிரியர்கள் குடும்பத்தோடு, கடைசியில் மாணவர்கள். இடைவேளைக்கு முன் வாசித்த சினிமாப் பாட்டிலேயே அவர்களுக்கு மனசு நிறைந்துவிட்டது, இன்னொன்று இன்னொன்று என்று கத்தினார்கள். பாளையங்கோட்டைக்காரர்கள் நன்றாகக் கத்துகிறார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் தமயந்தி. மடியில் பை, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். "இப்ப வாசிக்கப்போறது எங்க அஞ்சு பேருக்காகவே எழுதினது. எழுதினவங்க கோயம்புத்தூர்ல இருந்து இதுக்குன்னே வந்திருக்காங்க." கைதட்டல், அவள் பாதி எழுந்து பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். "பேரு உப்பளம். தூத்துக்குடிப் பக்கம் ரயில்ல போறப்ப வெள்ளைவெளேர்னு பார்ப்பீங்களே, அதான். மூணு பகுதி." மூணு என்றான். மதுரையில் இரண்டு என்று சொன்னான். மூணு என்று சொல்லும்போது என் பக்கம் ஒரு பார்வை வந்து போனது. மூணுதான் செல்வின். அப்படிப் பார்க்காதே.

இரண்டாம் பகுதி என்னுடையது. தொடக்கத்தில் மற்ற நாலு பேரும் சும்மா உட்கார்ந்திருக்க, நான் மட்டும் ஜி என்ற ஒற்றைச் சுரத்தைக் காதில் விழுகிறதா இல்லையா என்கிற சன்னத்தில் தொடங்கி, நீட்டிக்கொண்டே போய், மூச்சு மாற்றாமல் அங்கிருந்து மேலே டி-க்கு ஒரே தாவாகத் தாவ வேண்டும். நம் கணக்கில் ஸ-விலிருந்து ப-வுக்கு. சத்தமாகத் தாவச் சொன்னால் யாரும் தாவிவிடுவார்கள். சன்னமாகத் தாவ வேண்டும், தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறமாதிரி. அதில்தான் திருச்சியில் விழுந்தேன். தாவிய இடத்தில் டி இல்லை, மீசை முளைக்கிற பையனின் தொண்டை மாதிரி ஒரு பிளிறல், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. யாரோ இருமினார்கள். எனக்காக இருமினார்கள் என்று தோன்றியது. பல்லைச் சொல்லித் தப்பிக்கலாம்தான். மார்ச்சில் பெரம்பூர் பாலத்து இறக்கத்தில் பஸ் பிரேக் போட்டதும் முன் சீட்டுக் கம்பி வாயில் வந்து மோதியதும் முன்பல் பாதி போனதும் உண்மை. ஹார்ன் ஊதுகிறவளுக்கு முன்பல் என்றால் என்ன என்று அந்தப் பல் டாக்டரம்மாவுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "கவலையே வேண்டாம், முன்னைவிட அழகா வெச்சுடலாம்." "அழகு வேண்டாம் டாக்டர், பழைய மாதிரி வேணும்." "பழைய பல்லு லேசா கோணல்." "அந்தக் கோணல்தான் வேணும்." மறுநாள் ஹார்னையே தூக்கிக்கொண்டு போனேன். நாற்காலியில் சாய்ந்து, கழுத்தில் அந்தப் பச்சைத் துண்டோடு ஊதிக் காட்டினேன், வெளியே காத்திருந்தவர்களில் ஒரு அம்மா தன் பல்வலியை மறந்து எட்டிப் பார்த்தாள். டாக்டரம்மாவுக்கு அதன் பிறகு வெறி பிடித்துவிட்டது. ஒரு இழை ராவுவாள், "இப்ப?" இல்லை. இன்னொரு இழை. "இப்ப?" இல்லை. எதிரே நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இப்ப ஊதுங்க." அந்தத் தடவை ஊதியபோது சத்தம் என் மண்டைக்குள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம். ஆகவே பல்லைக் குற்றம் சொல்ல முடியாது. பல் சரியாக இருக்கிறது. பிறகு எது? மதுரைக்குப் போகிற வழியில், வேனில், செல்வின் என் பக்கத்து சீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். நல்லவன், முகத்துக்கு நேரே சொல்கிறவன். "பியூலா, ரெண்டாவது பகுதியை விட்டுடலாம். முதலும் கடைசியும் போதும், ஜனங்களுக்கு அதுவே ஜாஸ்தி." "நான் உடைச்சதுக்காகப் பாட்டை வெட்டுவியா?" "உனக்காகத்தான் சொல்றேன். அப்புறம் இன்னொண்ணு. பெங்களூர்ல ஒரு ஹார்ன் வாசிக்கிறவர் இருக்கார். வருவாரான்னு சும்மா கேட்டு வெச்சிருக்கேன். நீ தப்பா எடுத்துக்காதே. வாய் முழுசா ஆறுற வரைக்கும்தான்." சும்மா கேட்டு வைத்திருக்கிறானாம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். விராலிமலைப் பக்கம் ஒரு மயில் வரப்பில் நின்றது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, அவன் இடத்தில் இருந்தால் நானும் கேட்டு வைத்திருப்பேன். மயில் போன பிறகு சொன்னேன், "மதுரையில வெட்டிக்கோ. திருநெல்வேலியில வாசிக்கறேன். அங்கயும் உடைஞ்சா பெங்களூர்க்காரரை வரச்சொல்லு." கஜா அண்ணன் முன் சீட்டில் தூங்குவதுபோல் இருந்தவர், கண்ணைத் திறக்காமலே, "பேசினது போதும், தண்ணி குடிங்க ரெண்டு பேரும்" என்றார்.

செல்வின் உட்கார்ந்துவிட்டான். மூக்கால் மூச்சை இழுக்கிறான், டிரம்பெட்டின் முனை ஒரு விரல் உயர்ந்து தாழ்கிறது, நாங்கள் அஞ்சு பேரும் அந்தத் தாழ்வில் உள்ளே இறங்குகிறோம். முதல் பகுதி. இது வேலை, உப்பு வாருகிற வேலை, இத்ரீஸும் செல்வினும் மாற்றி மாற்றிக் கொத்துகிறார்கள், மரியதாஸ் கீழே தண்ணீர் மாதிரி நகர்கிறார், நான் நடுவில். ஹார்ன் எப்போதும் நடுவில்தான். மேலே பாடுகிறவர்களையும் கீழே தாங்குகிறவர்களையும் ஒட்டவைக்கிற பசை. பள்ளிக்கூட பேண்டில் டிரம்பெட் எல்லாம் பையன்கள் எடுத்துக்கொண்ட பிறகு, அலமாரியில் சுருண்டு கிடந்த இதை எடுத்து மடியில் வைத்தபோது பூனைக்குட்டி மாதிரி இருந்தது, அன்றைக்கே இது எனக்கு என்று தெரிந்துவிட்டது. வாய்க்குள் சூடு பரவுகிறது. நன்றாக இருக்கிறது. விரல் தன்பாட்டில் போகிறது. இந்த இடத்தில் கஜா அண்ணன் ஒரு வழுக்கு வழுக்குவார், இதோ, பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறாள். இதைக் கேட்டு வாங்கியது நான். எத்தனை காலத்துக்குத்தான் யாரோ யாருக்கோ எழுதியதை எடுத்து, வெட்டி ஒட்டி, நமக்குத் தைத்துக்கொள்வது? பழைய ஜெர்மன் கோயில் பாட்டு, வெள்ளைக்காரன் ராணுவ நடை, சினிமாப் பாட்டு. எல்லாம் நல்ல பாட்டுத்தான், ஆனால் அளவெடுத்துத் தைத்தது இல்லை. நமக்கென்று ஒருத்தர் உட்கார்ந்து எழுதட்டும், செல்வினுக்கு எங்கே மூச்சு முட்டும், மரியதாஸ் எங்கே புன்னகைப்பார் என்று தெரிந்துகொண்டு எழுதட்டும் என்று ஒரு வருஷம் நச்சரித்தேன். விளம்பரப் படத்துக்கு இசை போட்டுக்கொண்டிருந்தவள் தமயந்தி. ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் பின்னால் லேசாக ஒரு ஹார்ன் வந்தது, யார் இது ஹார்னை இவ்வளவு மரியாதையாக நடத்துவது என்று தேடிப்பிடித்துப் போன் பண்ணினேன். வந்தாள், எங்கள் ஒத்திகையில் ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்தாள், பேசவே இல்லை. பாட்டு வந்தபோது என் பல் போயிருந்தது. போனில் சொன்னேன், அந்த டி-யைக் கொஞ்சம் இறக்கித் தர முடியுமா என்று. அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசிலடித்து அடங்கியது. "இறக்கித் தர்றேங்க. அது பெரிய வேலை இல்ல. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? பல்லுக்காகக் கேக்கறீங்களா, பயத்துக்காகவா? பல்லுக்குன்னா இப்பவே மாத்தறேன்." அப்படியே இருக்கட்டும் என்றேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். திருச்சியில் உடைந்த அன்றும் நானேதான் கூப்பிட்டுச் சொன்னேன், உங்கள் பாட்டை உடைத்துவிட்டேன் என்று. "சரி" என்றாள். "திருநெல்வேலிக்கு என்ன ரயில்னு பார்க்கறேன்." என்ன பெண் இவள். பயம்தான் அது. உடம்பெல்லாம் இல்லை, ஒரே ஒரு இடத்தில், தாவுவதற்கு முந்தைய கணத்தில், நெல்லிக்கொட்டை அளவுக்கு. ஆறு மாதமாய் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், அது அங்கேயே இருக்கிறது. இருக்கட்டும், அதோடேயே தாவலாம். அடுப்படியில் தாவியிருக்கிறேன், மொட்டை மாடியில் தாவியிருக்கிறேன், இன்று மத்தியானம் ஒத்திகையில் தாவினேன், வந்தது. வரும். வராமல் போனால்? வரும். முதல் பகுதியின் கடைசிக் கொத்து, முடிந்தது. ஹார்னைத் திருப்பி உள்ளே சேர்ந்த மூச்சுத் தண்ணீரை வடிக்கிறேன். எச்சில் என்று நினைத்து முதல் வரிசைப் பாதிரியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இல்லை ஃபாதர், வெறும் மூச்சுத்தான், குளிர்ந்து போனது. நிமிர்ந்து உட்காருகிறேன், உதட்டில் வைக்கிறேன், கரண்ட் போய்விட்டது.

ஹாலே ஓ என்று ஒரு குரல் கொடுத்து அடங்கியது. ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன, அவை ஓய்ந்த பிறகுதான் இவ்வளவு நேரம் எவ்வளவு சத்தத்துக்கு நடுவில் வாசித்துக்கொண்டிருந்தோம் என்று தெரிகிறது. இருட்டு. அதைவிட அமைதி. இப்பவே ஊதிவிடலாமா, எனக்குத் தாள் தேவையில்லை, இதைவிட நல்ல அமைதி கிடைக்குமா என்று நினைத்து முடிப்பதற்குள் மேடைக்குப் பின்பக்கச் சுவருக்கு வெளியே யாரோ ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டார்கள். தடதடவென்று உதறி, இருமி, பிறகு சீராக ஊம் என்று பிடித்துக்கொண்டது. மேடையில் மட்டும் விளக்கு வந்தது. ஃபேன் இல்லை. ஊம். செல்வின் என் பக்கம் சாய்ந்தான், மெதுவாக, நிஜமான பரிவோடு, "நேரா மூணாவதுக்குப் போயிடலாம். இந்தச் சத்தத்துல உன்னுது எடுபடாது. யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க." எவ்வளவு அழகான கதவு. திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் உடைக்கவில்லை, ஜெனரேட்டர் கெடுத்தது. தமயந்தியும் ஒன்றும் சொல்ல முடியாது, நாளைக்கு நாகர்கோவிலில் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு, நாளைக்கு. அந்த நெல்லிக்கொட்டை எனக்குள் சந்தோஷமாக உருள்கிறது, அது உருளுவதை நான் கேட்கிறேன், அதோடு இன்னொன்றையும் கேட்கிறேன். ஊம். இது ஏதோ சத்தம் இல்லை. இது ஜி. கழுத்து தானாகவே சுவர்ப்பக்கம் திரும்புகிறது. ஜி-தான், கொஞ்சம் கூடுதலாக, எங்கள் ஜி-யைவிட ஒரு மயிரிழை, இல்லை, ஒரு நூல் உயரத்தில். தாளில் எழுதியிருக்கிற ஜி-யை நான் ஊதினால் இரண்டும் உரசி ஹாலில் எல்லாருக்கும் பல் கூசும். அதோடு சேர்ந்து ஊதினால்? நான் ஏறிக்கொண்டால் பின்னால் வருகிற நாலு பேரும் ஏறியாக வேண்டும், யாரிடமும் சொல்ல நேரமில்லை. "பியூலா" என்கிறான் செல்வின். "இல்ல, வாசிக்கறேன்." "கேக்காதுடி." "கேக்கும். நீங்க நாலு பேரும் என் சுருதியைக் கேட்டுக்கிட்டே உள்ள வாங்க." நான் மூச்சை இழுத்தேன்.

ஹார்னின் அகன்ற வாய்க்குள் எப்போதும் என் வலது கை இருக்கும், கையை மூடினால் சுரம் தாழும், திறந்தால் ஏறும். திறக்கிறேன், உள்ளங்கை உலோகத்திலிருந்து விலகுகிறது, ஊதத் தொடங்குகிறேன். தொடங்கியதா என்று எனக்கே தெரியவில்லை. ஜெனரேட்டருக்குள் ஊதுகிறேன். முதலில் ஒரு நடுக்கம், இரண்டு சத்தமும் தோளோடு தோள் இடித்துக்கொள்கிற நடுக்கம், இன்னும் கொஞ்சம் திற, இன்னும், நடுக்கம் அகலமாகிறது, மெதுவாகிறது, நின்றுவிட்டது. உரசல் போய்விட்டது. என் சத்தம் எங்கே முடிந்து அது எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரே ஜி. கச்சேரி மேடையில் சுருதிப் பெட்டி இல்லையா, அதுபோல, சுவருக்கு அந்தப் பக்கம் டீசல் குடித்துக்கொண்டு ஒருத்தர் எனக்குச் சுருதி பிடிக்கிறார். சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, உதடு. பின்வரிசையில் செருப்புச் சத்தம் அடங்குகிறது. அவர்களுக்கு என் சத்தம் கேட்கவில்லை, ஜெனரேட்டர் பாடத் தொடங்கியதாகத்தான் கேட்டிருக்கும். வெள்ளை வெளி. மதியம். ஆள் இல்லாத பாத்திகள், தூரத்தில் கானல். நீட்டு. இதோ அந்த இடம் வருகிறது. பல். பல் இருக்கிறது. டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிற்கிறாள், இப்ப? நெல்லிக்கொட்டையும் அங்கேயே இருக்கிறது, இரு, நீயும் வா. திருச்சியில் இந்த இடத்தில் எனக்குக் கீழே ஒன்றுமே இல்லை, இன்றைக்குத் தரை இருக்கிறது, காலை ஊன்றித் தாவ இடம் இருக்கிறது, ஆனால் தாவுகிறவள் நான்தானே, தரையா தாவும். தாவினேன். டி. அங்கே இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே அங்கே இருந்தது போல, சன்னமாக, வட்டமாக. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யாரும் இருமவில்லை.

இப்போது அவர்கள் வர வேண்டும். மரியதாஸ் முதலில். கண்ணோரத்தில் டியூபாவின் மேல் அவர் நெற்றி மட்டும் தெரிகிறது, சுருங்கியிருக்கிறது, சுருதியை ஏற்ற கை ஒரு குழாயை உள்ளே தள்ளுகிறது, புரிந்துகொண்டார், அடியில் வந்து அமர்கிறார், ஜெனரேட்டருக்கும் அடியில், மேடைப் பலகை என் செருப்பு வழியாக அதிர்கிறது. கஜா அண்ணனுக்குக் கவலையே இல்லை, டிராம்போனை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், காதை மட்டும் கொடுத்து வழுக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். இத்ரீஸ் என்னைப் பார்க்கிறான், புருவத்தால் கேட்கிறான், மேலயா அக்கா, நான் புருவத்தால் சொல்கிறேன், மேலே. அவன் வந்துவிட்டான். செல்வின் கடைசி. அவனுடைய ஸ்டாண்டில் சுருதி பார்க்கிற அந்தச் சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி ஒட்டியிருக்கிறது, பச்சை விளக்கு எரிந்தால்தான் அவனுக்கு உலகம் சரியாக இருக்கிறதாக அர்த்தம், அதைப் பிடித்துக்கொண்டுதான் எங்களை இத்தனை ஊர் கூட்டிப்போயிருக்கிறான், அதிலும் நியாயம் உண்டு. இப்போது அதில் சிவப்பு எரிகிறது. அவன் சிவப்பைப் பார்க்கிறான். அவன் வர வேண்டிய இடம் நெருங்குகிறது, மற்ற மூன்று பேரும் என்னோடு, அவன் தன்னுடைய பச்சைக்குப் போனால் எல்லாம் சரியும், என் மூச்சு தீர்ந்துகொண்டிருக்கிறது, விலாவில் குத்துகிறது, செல்வின், செல்வின். அவன் கை நீண்டு பெட்டியைக் கவிழ்த்து வைத்தது. கண்ணை மூடிக்கொண்டான். வந்தான். அஞ்சு பேரும் இப்போது உள்ளே இருக்கிறோம், ஜெனரேட்டரோடு ஆறு. தமயந்தியின் பக்கம் பார்க்க மாட்டேன் என்றுதான் இருந்தேன், பார்த்துவிட்டேன். பை கீழே கிடக்கிறது. இரண்டு கையையும் முன் நாற்காலியின் முதுகில் ஊன்றி முன்னால் சாய்ந்திருக்கிறாள். இது அவள் எழுதியது, ஆனால் இப்படி அவளும் கேட்டதில்லை. வளர்கிறது, இத்ரீஸ் ஒரு படி, செல்வின் ஒரு படி, நான் கமுக்கமாக மூச்சு திருடிக்கொண்டு நடுவில் ஒட்டுகிறேன். அப்போது விளக்கு ஒரு தரம் சிமிட்டியது. கரண்ட் வந்துவிட்டது. வெளியே ஜெனரேட்டர் ஒரு விக்கலோடு நின்றுபோனது.

கீழே இருந்த தரை போய்விட்டது. ஃபேன்கள் இன்னும் சுற்றத் தொடங்கவில்லை, ஹாலில் ஒரு சத்தமும் இல்லை, நாங்கள் மட்டும், அஞ்சு பேர், எந்தத் தாளிலும் எழுதியிராத ஒரு உயரத்தில். பயப்பட வேண்டிய இடம் இதுதான். பயத்தைத் தேடுகிறேன். நாக்கால் பல்லைத் தேடுகிறமாதிரி தேடுகிறேன். வேறு ஏதோ வேலையில் இருக்கிறது போல. யாரும் அசையவில்லை, ஒருத்தர்கூடப் பழைய இடத்துக்கு இறங்கவில்லை, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாகச் சன்னமாக்கி, எழுதியிருந்த கடைசிப் புள்ளியில் வைத்தோம். அதன் பிறகும் அது ஹாலின் கூரைப் பக்கம் கொஞ்ச நேரம் இருந்தது. பகுதிகளுக்கு நடுவில் கைதட்டக் கூடாது என்று செல்வின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தான், அதனால் யாரும் தட்டவில்லை, ஆனால் பின்வரிசையில் ஒரு பெண் அடக்க முடியாமல், "எம்மா!" என்றாள், அது போதும், அதைவிட வேறென்ன. ஃபேன்கள் மறுபடி ஆளுக்கொரு வேகத்தில் சுற்றத் தொடங்கின. கஜா அண்ணன் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, உதடு அசையாமல், "பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிடு தம்பி" என்றார். செல்வினுக்குக் காது மடல் சிவந்திருந்தது. தாளைத் திருப்பினான். மூன்றாம் பகுதியை, எல்லாப் பகுதிகளையும், எல்லா ஊரிலும், மூக்கால் ஒரு மூச்சிழுத்து டிரம்பெட் முனையைத் தாழ்த்தித் தொடங்கிவைப்பவன் அவன்தான். நாங்கள் காத்திருந்தோம். அவன் டிரம்பெட்டை உதட்டில் வைத்தான், முனையை உயர்த்தவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். எந்தச் சுருதியில் என்று கேட்கிறானா, எப்போது என்று கேட்கிறானா, இரண்டையும்தான் கேட்கிறான். மற்ற மூன்று பேரும்கூட என்னைத்தான் பார்க்கிறார்கள். நாளைக்கு நாகர்கோவிலில் அந்த டி மறுபடி உடையலாம், உடைந்தால் மறுநாள் வாசிப்பேன். வலது கையை ஹார்னுக்குள் நுழைத்து, உள்ளங்கையை எங்கே நிறுத்தலாம் என்று பார்த்து நிறுத்தி, எல்லாருக்கும் தெரிகிறமாதிரி மூச்சை இழுக்கிறேன்.